விளையாட்டுப் பந்தயச் சூதாட்டம்: சட்ட அனுமதியும் மாநிலங்கள் காணும் விளைவுகளும்

விளையாட்டுப் பந்தயச் சூதாட்டம் என்பது ஒரு போட்டியின் முடிவையோ, போட்டியின் இடையே நிகழும் ஒன்றையோ முன்கூட்டிக் கணித்து அதன்மேல் பணம் கட்டுவதாகும். பேச்சு வழக்கில் இதனை 'பெட் கட்டுதல்' என்பர். குதிரைப் பந்தயம், கிரிக்கெட், கால்பந்து, சேவல் சண்டை என எதன்மேலும் பணம் கட்டப்படுகிறது. இதனைத் தடை செய்வதா, அனுமதித்து வரி வாங்குவதா என்பது எல்லா அரசுகள் முன்னும் உள்ள கேள்வி.

தமிழ்நாடு இரண்டு வழிகளிலும் நடந்து பார்த்த மாநிலம். குதிரைப் பந்தயத்திற்கு வரி வாங்கியது. பின்னர் அதை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. பரிசுச்சீட்டைத் தானே விற்றது. பின்னர் தானே நிறுத்தியது. இணையவழிச் சூதாட்டத்திற்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இந்த அனுபவங்களை மற்ற மாநிலங்களின் அனுபவத்தோடு ஒப்பிட்டு, சட்ட அனுமதியால் ஒரு மாநிலத்திற்கு வருவது என்ன, போவது என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சூதா, திறனா?

இந்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை இரண்டாகப் பிரிக்கிறது. முடிவு பெரும்பாலும் தற்செயலைச் சார்ந்திருந்தால் அது சூதாட்டம். முடிவு பெரும்பாலும் ஆடுபவரின் அறிவையும் பயிற்சியையும் சார்ந்திருந்தால் அது திறன் விளையாட்டு. 1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டமும், 1930ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டமும் திறன் விளையாட்டுக்கு விலக்கு அளித்தன. ரம்மி திறன் விளையாட்டே என்று 1968இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பிற்காலத்தில் இணையவழி நிறுவனங்கள் பெரிதும் சார்ந்து நின்றது இந்தத் தீர்ப்பைத்தான்.

யாருக்கு அதிகாரம்?

இந்திய அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 34ஆம் பதிவு 'பந்தயமும் சூதாட்டமும்' என்பதாகும். இவற்றின் மேல் வரி விதிக்கும் அதிகாரத்தை அதே பட்டியலின் 62ஆம் பதிவு மாநிலங்களுக்கு அளித்திருந்தது. அரசுகள் நடத்தும் பரிசுச்சீட்டு மட்டும் மத்தியப் பட்டியலின் 40ஆம் பதிவில் உள்ளது. ஆகவே ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு விதியை வகுத்துக்கொண்டது. 1957இல் ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா வழக்கில், சூதாட்டம் அரசியலமைப்பு பாதுகாக்கும் வணிகம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'தொழில் செய்யும் உரிமை' என்று சொல்லிச் சூதாட்டத்திற்குப் பாதுகாப்புக் கேட்க முடியாது என்பது இதன் பொருள்.

குதிரைப் பந்தயம்: கிண்டியும் உதகையும்

தமிழ்நாட்டில் நெடுங்காலம் சட்ட அனுமதியோடு நடந்த விளையாட்டுப் பந்தயம் குதிரைப் பந்தயமே. கொடைக்கானலில் ஏரியைச் சுற்றிக் குதிரை சவாரி உண்டே தவிர, பந்தயத் திடல் இல்லை. மற்றொரு மலை நகரமான உதகமண்டலத்தில் கோடைதோறும் பந்தயம் நடந்தது. சென்னைக் கிண்டியில் பந்தயங்களை நடத்திய மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. பந்தயப் பணத்திற்கு வரி வாங்க 1935இலேயே சென்னை மாகாணத்தில் தனிச் சட்டம் வந்துவிட்டது.

பல குடும்பங்கள் அழிவதைக் காரணம் காட்டி, மு. கருணாநிதி தலைமையிலான அரசு 1974இல் குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வழக்குகளால் அது நடைமுறைக்கு வரவில்லை. 1986இல் எம்.ஜி.ஆர். அரசு மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே கையகப்படுத்தச் சட்டம் இயற்றியது. இரண்டையும் சேர்த்து விசாரித்த உச்ச நீதிமன்றம், 1996 ஜனவரியில் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் முடிவு கூறியது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஓட்டுபவரின் திறமை ஆகியவற்றை ஆராய்ந்தே பந்தயம் கட்டப்படுவதால் அது திறன் விளையாட்டு என்றும், சூதாட்டச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்றும் தீர்ப்பளித்தது. கையகப்படுத்தும் சட்டமும் செல்லாது என்றது.

2024இல் கதை வேறு வழியில் திரும்பியது. குத்தகை வாடகை நிலுவையைக் காரணம் காட்டி, ஜூன் மாதத்தில் உதகை பந்தயத் திடலின் சுமார் 52 ஏக்கரையும், செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தையும் மீட்கும் நடவடிக்கையை அரசு எடுத்தது. ஒரு மாநிலம் பந்தயத்தால் பெற்ற வரியைக் கணக்கிடும்போது, அதற்காக மிகக் குறைந்த வாடகைக்கு விட்டுவைத்த நிலத்தின் மதிப்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பதற்கு இது சான்று.

பரிசுச்சீட்டு: அரசே விற்ற காலம்

பரிசுச்சீட்டு விளையாட்டுப் பந்தயம் அன்று. ஆனால் மக்களின் பந்தய ஆசையை அரசின் வருவாயாக மாற்றினால் என்ன நடக்கும் என்பதை அறிய, தமிழ்நாட்டில் இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

1967இல் கேரளம் அரசுப் பரிசுச்சீட்டைத் தொடங்கியது. 1968இல் அண்ணா தலைமையிலான அரசு தமிழ்நாட்டில் தொடங்கியது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்பது அக்காலத்தில் ஊரெங்கும் ஒலித்த முழக்கம். பின்னாளில் பிற மாநிலங்களின் சீட்டுகளும் இங்கே குவிந்தன. வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், பழனி போன்ற ஊர்களின் பேருந்து நிலையங்களில் வண்ணச் சீட்டுகள் கயிற்றில் தொங்கிய காட்சி நடுவயது கடந்தவர்களுக்கு நினைவிருக்கும். அன்றாடக் கூலியில் ஒரு பங்கு அங்கேயே கைமாறியது.

2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லாப் பரிசுச்சீட்டுகளையும் தடை செய்தது. தன் சீட்டை விற்றுக்கொண்டே பிற மாநிலச் சீட்டை ஒரு மாநிலம் தடுக்க முடியாது என்பது 1998ஆம் ஆண்டின் பரிசுச்சீட்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின் நிலை. எனவே பிற மாநிலச் சீட்டை நிறுத்த வேண்டுமானால் தன் வருவாயையும் விட்டுக்கொடுக்க வேண்டும். தமிழ்நாடு விட்டுக்கொடுத்தது.

தடைக்குப் பிறகு கடைகள் மறைந்தன. ஆசை மறையவில்லை. வெறும் துண்டுத்தாளில் எழுதித் தரப்படும் 'மூணு நம்பர் லாட்டரி' கள்ளத்தனமாகப் பரவியது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் இதில் பணம் இழந்து ஒரு குடும்பமே மாண்ட செய்தி மாநிலத்தை உலுக்கியது. சட்டம் இயற்றுவது பாதி வேலை, அதைக் காப்பது மறுபாதி என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

மலையின் இருபுறமும் இரு சட்டங்கள்

பழனி மலைத்தொடரின் மேற்கே கேரளத்தின் இடுக்கி மாவட்டம் உள்ளது. கொடைக்கானல் மேல்மலையில் கடைசி ஊர்களுள் ஒன்றான கிளாவரைக்கு அப்பால் காட்டைக் கடந்தால் வட்டவடை. பழனியிலிருந்து உடுமலை, சின்னாறு வழியாகச் சென்றால் மறையூர், மூணாறு. மலையின் இந்தப் பக்கம் பரிசுச்சீட்டு விற்பது குற்றம். அந்தப் பக்கம் அதை விற்பது அரசுத் துறை.

எல்லை தாண்டிச் சென்று சீட்டு வாங்குவோர் பலர். குமுளி, வாளையாறு போன்ற எல்லை ஊர்களின் கடைகளுக்குத் தமிழ்நாட்டவர் முக்கிய வாடிக்கையாளர்கள். 2023ஆம் ஆண்டின் திருவோணம் பம்பர் முதல் பரிசான 25 கோடி ரூபாய், வாளையாற்றில் சீட்டு வாங்கிய தமிழ்நாட்டவருக்கே விழுந்தது. பரிசு பெற்றவர் செய்தியாகிறார். பரிசு பெறாதவர்களின் பணம் செய்தியாவதில்லை. அப்பணம் தமிழ்நாட்டில் உழைத்துச் சேர்த்தது; வருவாயாகப் பதிவாவது கேரளத்தின் கணக்கில்.

கேரளத்தின் தரப்பிலும் நியாயம் உண்டு. அங்கே விற்பனை வெளிப்படையாக நடக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உட்பட ஏராளமானோர் சீட்டு விற்றுப் பிழைக்கின்றனர். 2011இல் தொடங்கிய காருண்யா சீட்டின் வருவாய் ஏழைகளின் மருத்துவச் செலவுக்குச் சென்றது. அதே வேளையில், விற்பனைத் தொகையில் பெரும்பகுதி பரிசுக்கும் முகவர் கழிவுக்கும் போய்விடுவதால், விற்ற தொகை வேறு, அரசுக்கு மிஞ்சும் தொகை வேறு என்பதை மறக்கக் கூடாது.

மாநில எல்லையில் சட்டம் நின்றுவிடுகிறது, பணம் நிற்பதில்லை. கைப்பேசி வந்தபின் எல்லை தாண்டிப் போகும் பேருந்துகூடத் தேவையில்லை.

ஒரு சிறு கணக்கு

பந்தய நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது, அரசுக்கு வரி எங்கிருந்து வருகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம்.

சமபலம் கொண்ட இரு அணிகள் மோதுகின்றன. எந்த அணிமேல் 100 ரூபாய் கட்டினாலும், அந்த அணி வென்றால் கட்டிய பணத்தையும் சேர்த்து 190 ரூபாய் தருவதாக நிறுவனம் கூறுகிறது. ஒவ்வோர் அணிமேலும் 100 பேர் ஆளுக்கு 100 ரூபாய் கட்டுகின்றனர்.

மொத்த வசூல்: 20,000 ரூபாய்.
வென்ற 100 பேருக்குத் தருவது: 19,000 ரூபாய்.
நிறுவனத்திடம் மிஞ்சுவது: 1,000 ரூபாய்.

எந்த அணி வென்றாலும் நிறுவனத்திற்கு 1,000 ரூபாய் உறுதி. கட்டுபவர்களுக்கு நூற்றுக்கு ஐந்து ரூபாய் நட்டம் உறுதி. ஐந்துதானே என்று தோன்றும். கையில் உள்ள பணம் முழுவதையும் ஒருவர் திரும்பத் திரும்பக் கட்டினால், சராசரிக் கணக்கின்படி 14ஆம் முறை முடியும்போது அவருடைய பணம் பாதிக்கும் கீழே போயிருக்கும். அன்றாடம் ஒரு போட்டி நடந்தால் இது இரண்டு வார வேலை. ஒரே போட்டியில் பந்துக்குப் பந்து கட்டினால் ஒரு மாலைப் பொழுது போதும்.

இனி வரிக்கு வருவோம். நிறுவனத்திடம் மிஞ்சும் 1,000 ரூபாயின் மேல் 28 விழுக்காடு வரி விதித்தால் அரசுக்கு 280 ரூபாய் கிடைக்கும். கட்டிய 20,000 ரூபாயின் மேல் அதே 28 விழுக்காட்டை விதித்தால் வரி 5,600 ரூபாய். நிறுவனத்திடம் இருப்பதோ 1,000 ரூபாய். ஆகவே வென்றவருக்குத் தருவதை 190இலிருந்து 134ஆகக் குறைக்க வேண்டியிருக்கும். அப்போது கட்டுபவர், 190 தரும் கள்ளப் புக்கியைத் தேடிப் போவார். வரி குறைவாக இருந்தால் அரசுக்குப் பயன் சிறிது, அதிகமாக இருந்தால் ஆட்டம் மறைவிடத்துக்குப் போகிறது. சட்ட அனுமதி தந்த எல்லா மாநிலங்களும் சந்திக்கும் இடர்ப்பாடு இது.

இந்தியாவில் 2023 அக்டோபர் 1 முதல், இணையவழிப் பண விளையாட்டில் ஆடுபவர் செலுத்தும் முழுத் தொகையின் மேல் 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. ஆறு மாதங்களில் இத்துறையின் வரி வருவாய் 6,909 கோடி ரூபாயை எட்டியதாக மத்திய நிதியமைச்சர் 2024 செப்டம்பரில் தெரிவித்தார். ஜி.எஸ்.டி.யில் மாநிலங்களுக்கும் பங்கு உண்டு என்பதால், மாநிலங்களுக்கு இது சிறு தொகை அன்று.

கிரிக்கெட்டும் அனுமதிக் கோரிக்கையும்

2013 ஐ.பி.எல். போட்டிகளில் எழுந்த சூதாட்டப் புகார்களின் முடிவில், 2015 ஜூலையில் சென்னை சூப்பர் கிங்ஸ், ராஜஸ்தான் ராயல்ஸ் அணிகள் இரண்டு ஆண்டுகள் விலக்கி வைக்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு, 2016 ஜனவரியில் கிரிக்கெட் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கலாம் என்றும், ஆட்டத்தின் முடிவை விலைக்கு வாங்குவதைக் கடும் குற்றமாக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

இதனை ஆராய்ந்த சட்ட ஆணையம் 2018 ஜூலையில் தன் 276ஆவது அறிக்கையை அளித்தது. முழுமையாகத் தடுக்க இயலாத நிலையில் உரிமம் வழங்கி ஒழுங்குபடுத்தலாம் என்பது அதன் சாரம். ஆதார், பான் எண் இணைப்பு, ரொக்கமில்லாப் பரிமாற்றம், ஒருவர் கட்டும் தொகைக்கு வரம்பு ஆகியவற்றை அது வலியுறுத்தியது. சிறுவர்களையும் அரசு மானியம் பெறும் ஏழைகளையும் அனுமதிக்கக் கூடாது என்றது. யாரைக் காக்க வேண்டும் என்பதில் ஆணையத்திற்கு ஐயம் இல்லை. நடைமுறையில் அவர்களை எப்படித் தடுப்பது என்பதே கேள்வி.

பிற மாநிலங்களும் அமெரிக்காவும்

மேகாலயத்தில் 'தீர்' எனப்படும் வில்வித்தைப் பந்தயம் 1980களிலிருந்து வரி செலுத்தும் தொழில். இலக்கில் தைத்த அம்புகளின் எண்ணிக்கையில் கடைசி இரண்டு இலக்கங்களை ஊகித்துப் பணம் கட்டுவர். அதே மாநிலம் சூதாட்ட அரங்குகளுக்கு வழிவிடும் சட்டத்தை 2021இல் இயற்றி, எதிர்ப்பு எழுந்ததும் 2022இல் கைவிட்டது. சிக்கிம் 2008இல் இணையவழிப் பந்தயத்திற்கு உரிமம் வழங்கச் சட்டம் இயற்றியது. பின்னர் அதை மாநிலத்திற்குள் மட்டும் என்று சுருக்கிக்கொண்டது.

அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், நெவாடா போன்ற சில மாநிலங்கள் தவிர மற்றவை விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிப்பதைத் தடுத்தது. 2018 மே 14 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை நீக்கியது. வழக்காடியது நியூ ஜெர்சி மாநிலம். 2024க்குள் 38 மாநிலங்கள் அனுமதி அளித்துவிட்டன. பந்தய நிறுவனங்களின் வருவாயில் நெவாடா 6.75 விழுக்காடும், நியூயார்க் 51 விழுக்காடும் வரியாகப் பெறுகின்றன.

அங்கே கண்ட விளைவுகள் இரு வகை. மறைவில் நடந்த பந்தயத்தில் ஒரு பகுதி வெளிச்சத்திற்கு வந்தது, வரி கிடைத்தது. 2024இல் கூடைப்பந்து வீரர் ஒருவர் பந்தயக்காரர்களுக்குத் தகவல் தந்ததற்காக வாழ்நாள் தடை பெற்றபோது, ஐயத்திற்குரிய பந்தயங்களைச் சுட்டிக்காட்டியவை உரிமம் பெற்ற நிறுவனங்களே. மறுபுறம், கைப்பேசி வழிப் பந்தயம் அனுமதிக்கப்பட்ட மாநிலங்களில் மக்களின் கடன் தகுதி குறைந்ததையும், திவால் மனுக்கள் கூடியதையும் பொருளாதார ஆய்வுகள் காட்டின. கடைக்குச் சென்று கட்டும் முறையைவிடக் கைப்பேசி முறையில் பாதிப்பு அதிகம் என்றும் அவை கூறின.

இணையவழிச் சூதாட்டம்: தமிழ்நாடும் மத்திய அரசும்

கொரோனா காலத்தில் இணையவழி ரம்மியில் பணம் இழந்து உயிர் துறந்தவர்களைப் பற்றிய செய்திகள் தொடர்ந்து வந்தன. தமிழ்நாடு அரசு 2020 நவம்பரில் அவசரச் சட்டமும், 2021இல் திருத்தச் சட்டமும் கொண்டுவந்தது. திறன் விளையாட்டையும் சேர்த்துத் தடுப்பதாகக் கூறிச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 3 அன்று அதை நீக்கியது.

பின்னர் நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைப் பெற்று, 2022 அக்டோபரில் சட்டமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பியதால் 2023 மார்ச்சில் அது மீண்டும் நிறைவேற்றப்பட்டு, ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. ஆனால் ரம்மியும் போக்கரும் சூதாட்டப் பட்டியலில் இருப்பதை ஏற்கவில்லை. ஆகவே அரசு 2025 பிப்ரவரியில் ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது என்பன அவற்றுள் சில. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் இவற்றை ஏற்றுக்கொண்டது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையவழி விளையாட்டு மேம்பாடு, ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. திறனா, தற்செயலா என்ற வேறுபாடு இன்றி, பணம் கட்டி ஆடும் இணையவழி ஆட்டம் எதையும் நடத்துவது குற்றம் என்கிறது இச்சட்டம். நடத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. விளம்பரம் செய்வோருக்கும் தண்டனை உண்டு. ஆடுபவர் பாதிக்கப்பட்டவராகக் கருதப்படுவதால் அவருக்குத் தண்டனை இல்லை. மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் பற்றி மத்திய அரசு சட்டம் இயற்றலாமா என்ற கேள்வி உள்ளிட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றன.

வரவும் செலவும்

சட்ட அனுமதியால் ஒரு மாநிலத்திற்கு வருபவை: வரி, உரிமக் கட்டணம், ஓரளவு வேலைவாய்ப்பு, யார் எவ்வளவு கட்டுகிறார் என்பதைக் கண்காணிக்கும் வாய்ப்பு.

மாநிலம் இழப்பவை பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. கடனில் சிக்கிய குடும்பத்தின் வழக்கு காவல் நிலையத்திற்குப் போகிறது. மனம் உடைந்தவர் அரசு மருத்துவமனைக்குப் போகிறார். கட்டணம் கட்ட முடியாத மாணவர் படிப்பை நிறுத்துகிறார். பந்தயத்தில் போன பணம் மளிகைக் கடைக்கும் துணிக்கடைக்கும் வராததால் அங்கே கிடைத்திருக்க வேண்டிய வரியும் குறைகிறது. பூண்டோ காரட்டோ விற்று ஒரே நாளில் கைக்கு வரும் பணத்தில் அடுத்த பருவத்திற்கு விதை வாங்க வேண்டிய மலை விவசாயிக்கு, ஒரு மாலை நேர இழப்பு ஒரு பருவத்தின் இழப்பு.

வருவாய் ஒரே வரியில் வரவு செலவுத் திட்டத்தில் தெரிகிறது. செலவு பத்துத் துறைகளில் பிரிந்து கிடப்பதால் எந்த ஏட்டிலும் முழுமையாகத் தெரிவதில்லை. பந்தய வருவாய் பெரிதாகத் தோன்றுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். வெறும் தடை போதாது என்பதை மூணு நம்பர் லாட்டரி காட்டியது. வெறும் அனுமதி போதாது என்பதை அமெரிக்க மாநிலங்கள் காட்டின. ஆகவே ஒரு மாநிலம் எவ்வழியைத் தேர்ந்தாலும், அதன் இரண்டு பக்கக் கணக்கையும் மக்கள் முன் வைக்க வேண்டும்.

மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டியவை

திருக்குறளில் 94ஆம் அதிகாரம் 'சூது'. ஈராயிரம் ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வரும் அறிவுரையை இன்று கணக்குப் பாடமாகவும் சொல்லலாம். மேலே கண்ட 20,000 ரூபாய்க் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். இரு அணிகள்மேலும் கட்டப்படும் பணம் சமமாக இருக்குமாறு, தொகையை மாற்றியும், ஆட்களின் எண்ணிக்கையை மாற்றியும் போடுங்கள். எல்லாருடைய கைக்கும் திரும்பி வருவதைக் கூட்டினால், கட்டியதைவிட எப்போதும் குறைவாகவே இருக்கும்.

தெரிந்தவர் எவரேனும் இதில் பணம் இழந்திருந்தால் திட்டுவதால் பயன் இல்லை. இழந்ததைப் பிடிக்க மீண்டும் கட்டுவதே பலரை ஆழத்தில் தள்ளியது. மனநல ஆலோசனைக்கு 14416, தமிழ்நாடு சுகாதார உதவிக்கு 104, இணையவழிப் பண மோசடிக்கு 1930 ஆகிய எண்களை அழைக்கலாம்.